மசியல் வீட்டுப் பால்பல்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையல் கூடத்தில், கடித்துச் சாப்பிட முடியாதவர்களுக்கென்று தனியாகச் சமைக்கிற ஒருவன் இருந்தான். தாடையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், தொண்டை புண்ணானவர்கள், பல்லெல்லாம் போனவர்கள், இவர்களுக்கு வேண்டியதை வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து, ஒரு திப்பிகூட இல்லாமல் வார்டுக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. உருளைக்கிழங்கோ, பூசணியோ, கேரட்டோ, அவன் பாத்திரத்துக்குள் எது போனாலும் வெளியே வரும்போது ஒரே பதம்தான். அதனால் கூடத்தில் அவனுக்கு மசியல் என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவனே இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

மசியல் நல்ல மனுஷன். வாய் ஓயாமல் கதையடிப்பான், கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றென்றால் முதல் ஆளாக நிற்பான். சிரிக்கிற விஷயத்தில் மட்டும் பரம கஞ்சன். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாலும் இவன் கீழுதட்டை மேலே ஏற்றி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கு வழியாக ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் விடுவான். அவ்வளவுதான் அவன் சிரிப்பு. காரணம், கீழ்வரிசையின் நடுவில் இருந்த ஒரு பல். அக்கம்பக்கத்துப் பற்களெல்லாம் வளர்ந்து நிற்க, அது மட்டும் குட்டையாக, ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் விழுந்து உடைத்துக்கொண்டேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தான். கட்டிக்கொண்டவளிடமும் அதே கதைதான்.

அது உடைந்த பல்லே இல்லை. பால்பல். ஆறேழு வயதில் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் விழுகிற பல் இவனுக்கு அந்த ஓரிடத்தில் மட்டும் விழாமல் தங்கிவிட்டது. அந்த நாளில் அவனைப் பார்த்த பல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அடியில் முளைக்க வேண்டிய பெரிய பல் இல்லவே இல்லை என்று சொன்னார். சிலருக்கு இப்படி அமைவதுண்டு, குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடும், இருக்கிற பால்பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், இது போனால் வேறு வராது என்றார். மசியலின் அப்பாவுக்கும் அதே இடத்தில் ஓட்டைதான். ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டவரில்லை. அவர் படாத கவலையும் சேர்ந்து பிள்ளையின் தலையில் விடிந்தது. வகுப்பில் எல்லோருக்கும் பெரிய பல் முளைத்த பிறகு, ‘பாப்பா, பால் குடிச்சியா’ என்று தொடங்கிய கிண்டல் பள்ளிக்கூடம் முடியும்வரை ஓயவில்லை. அப்போது மூடிய வாயை அவன் அப்புறம் சரியாகத் திறக்கவேயில்லை.

பழத்தை முழுசாகக் கடித்தது கிடையாது. எதையும் ஓரமாகத் தள்ளித்தான் மெல்வான். நாளெல்லாம் மசித்ததையே ருசி பார்க்கிற வேலை கிடைத்தபோது அவன் பட்ட சந்தோஷத்தைப் பார்த்து, இவனுக்கென்ன பைத்தியமா என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

இதையெல்லாம் அவன் ஒருவாறு பழகிக்கொண்டான். பழக முடியாத இடம் ஒன்று இருந்தது. அது அவன் மகள்.

வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். விழித்த நேரத்திலிருந்து தூங்குகிறவரை சத்தம்தான். பேச ஆள் இல்லையென்றால் செருப்போடு பேசுவாள். சிரித்தால் மாடிவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மகளின் அந்தச் சிரிப்புக்காக மசியல் எதை வேண்டுமானாலும் கொடுப்பான். தனக்கு வாய்க்காதது அவளுக்கு வாய்த்திருக்கிறதே என்று, அவள் சிரிக்கும்போதெல்லாம் அவன் மனசு நிறைந்துவிடும்.

அந்தச் சில்வண்டு ஒரு நாள் மாலை ஓடிவந்து, பல் ஆடுகிறது என்று அப்பாவிடம்தான் முதலில் சொன்னாள். வாயைத் திறந்து காட்டினாள். கீழ்வரிசை, நடுப்பல். அதே இடம்.

வேறொரு அப்பாவாக இருந்தால் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியிருப்பான். இவன் அவள் வாயை மெல்ல மூடிவிட்டான். இது விழுந்து, அடியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? இவளும் நாளைக்கு வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் சிரிக்க வேண்டியதுதானா? அவனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் வேலை செய்கிற கூடத்துக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில்தான் பல் மருத்துவப் பிரிவு இருந்தது. படியேறிப் போய் ஒரு படம் எடுத்துப் பார்த்திருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் பார்த்தால் தெரிந்துபோகும். தெரியாதவரைக்கும், பல் அடியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டாவது இருக்கலாம். அதோடு, படம் எடுப்பானேன் என்று வீட்டுக்காரி கேட்பாள். அப்புறம் உடைந்த பல் கதையும் சேர்ந்து உடையும். ஆகவே மசியல் தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினான். ஆடுகிற பல்லை விழாமல் காப்பாற்றிவிடுவது. தன் பால்பல் இத்தனை வருஷம் நிற்கவில்லையா, மகளுடையதும் நிற்கும் என்று கணக்குப் போட்டான்.

மறுநாளிலிருந்து வீட்டுச் சமையல் ஆஸ்பத்திரிச் சமையலாக மாறியது. சோறு குழைந்தது, காய்கள் அடையாளம் தெரியாமல் போயின, ரொட்டி பாலில் ஊறி உருக்குலைந்தது. பட்டாணியைக்கூட விடாமல் சல்லடையில் தேய்த்தான். அவன் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் வேனைக் கழுவித் துடைத்து, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் இறக்கி, சாயங்காலம் திரும்ப அள்ளி வந்து, களைத்துப்போய்ச் சாப்பிட உட்காருகிறவளுக்குத் தட்டில் தினமும் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு கூழ். இந்த வீட்டில் யாருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று கேட்டாள். வயிற்றுக்கு நல்லது என்று மழுப்பினான்.

சில்வண்டுக்குத் தனிச் சட்டம் போட்டான். பல்லை ஆட்டக்கூடாது, நாக்கால் தள்ளக்கூடாது, எதையும் முன்பல்லால் கடிக்கக்கூடாது, வாயைப் பெரிதாகத் திறக்கக்கூடாது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கேட்டுக்கொண்டாள். தினமும் சாயங்காலம் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, டார்ச் அடித்து, கீழுதட்டை இழுத்துப் பார்ப்பான். பல் நின்ற இடத்தில் நிற்கும். அப்பாடா என்று விளக்கை அணைப்பான்.

“உள்ள ஏதோ குத்துதுப்பா, நாக்குல” என்று அவள் ஒரு நாள் சொன்னாள். ஆடுகிற பல்லின் ஓரம்தான் உரசுகிறது என்று முடிவுகட்டி, மறுநாள் இன்னும் சின்னக் கண் உள்ள சல்லடையை எடுத்தான் மசியல். அவனுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

வேனில் ஏறுகிற பிள்ளைகள் வாயெல்லாம் பல் விழுந்த சேதிதான் என்று அவன் மனைவி வந்து சொல்வாள். ஒருவன் தும்மும்போது விழுந்துவிட்டதாம். ஒருத்தி விழுந்த பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சீட்டு சீட்டாகக் காட்டினாளாம். இவளைவிடச் சின்னதெல்லாம் ஓட்டைப்பல்லோடு திரிகிறது, நம் வீட்டுப் பல் மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது என்று அவள் அங்கலாய்த்தாள். வர வர வீட்டில் சத்தமே இல்லையே, சில்வண்டுக்கு உடம்பு சரியில்லையா என்றும் ஒரு முறை கேட்டாள். மசியல் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சொன்னபடி கேட்கிற பிள்ளை என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டு வெளிப்பட்டது. மசித்ததைத் தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்த மனைவி, தெருமுனையில் சுட்ட சோளக்கதிர் வாங்கிவந்தாள். தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. சில்வண்டு அதை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் மசியல் உள்ளே வந்தான். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. பாய்ந்துபோய்க் கதிரைப் பிடுங்கினான். குழந்தை மிரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மனைவி தன் கதிரைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். எந்தத் திருப்பத்திலும் பிரேக்கில் காலை வைத்தபடி பொறுமையாக ஓட்டுகிறவள்தான் அவள். ஆனால் பொறுமை போனால் போனதுதான். பிள்ளையைப் பட்டினி போட்டுச் சாகடிக்கப் போகிறீர்களா, இத்தனை நாள் நடக்கிற கூத்துக்கு இன்றைக்கு ஒரு முடிவு தெரியவேண்டும் என்று நின்றாள்.

மசியல் சோளக்கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். உடையாத பல், எடுத்த படம், அடியில் இல்லாத பல், அப்பாவின் ஓட்டை, வகுப்பில் பட்ட கேலி, எல்லாம்.

“எனக்கு இல்லாதது இவளுக்கும் இல்லாம போச்சுன்னா என்ன பண்றது? என்னை மாதிரி இவளும் வாயை மூடிக்கிட்டே இருக்கணுமா?”

மனைவி அவன் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் பல்லைப் பற்றி இல்லை.

“நான் என்ன உங்க பல்லைப் பாத்தா கட்டிக்கிட்டேன்? இத்தனை வருஷம் கூட இருக்கேன், எங்கிட்டகூடச் சொல்லத் தோணலையா?”

அவன் கையிலிருந்த கதிரின் மணிகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தான். அப்போது சுவரோரம் நின்ற சில்வண்டு முன்னால் வந்தாள். இவ்வளவு நேரமும் பெரியவர்கள் பேசியதை வைத்து அவள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

“அப்பா, அடியில பல்லே இல்லைன்னா, பின்னாடி இருக்கிறது யாரோட பல்லு?”

டார்ச்சைத் தேடி மசியல் அலமாரியைக் குடைந்தான். அது எப்போதும் இருக்கிற ஆணியில்தான் தொங்கியது, அவன் கண்ணுக்குத்தான் படவில்லை. மனைவி எடுத்துக் கொடுத்தாள். குழந்தையை மேசைமேல் உட்காரவைத்து, தலையைச் சாய்த்து, இந்த முறை உதட்டை இழுக்காமல் நாக்கைத் தூக்கச் சொல்லி உள்ளே பார்த்தான். தினம் தினம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்த மடையன், ஒரு நாள்கூட உள்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆடுகிற பால்பல்லுக்குப் பின்னால், ஈற்றைக் கிழித்துக்கொண்டு, விளிம்பில் ரம்பம்போல் சின்னச் சின்ன வெட்டுகளோடு, அகலமாக ஒரு புதுப்பல் நின்றது.

மசியல் டார்ச்சை நீட்டியபடியே அழுதான். மனைவி எட்டிப் பார்த்தாள், அவள் கண்ணும் கலங்கியது. அழுகிறவர்கள் இரண்டு பேரையும் சில்வண்டு மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமா, மூடலாமா என்பது அவள் கவலை.

மறுநாள் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மகளை மாடிக்குக் கூட்டிப்போனான். பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். போன வருஷம் அவருக்கே கடைவாய்ப்பல் பிடுங்கியபோது மசியல்தான் பதம் பார்த்துப் பதம் பார்த்துச் சமைத்து அனுப்பினான். அந்த நன்றியோ என்னவோ, அவன் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பின்னால் பல் முளைத்திருக்கிறது என்று பெற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடிவருவதுதான் வழக்கம், அதற்காக வாயெல்லாம் பல்லாக வந்து நிற்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அவன் உடனே வாயை மூடிக்கொண்டான்.

படம் எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார் டாக்டர். பால்பற்களுக்கு அடியில் பெரிய பற்கள் வரிசையாக முறை வைத்துக் காத்திருந்தன. எந்த இடமும் காலியில்லை. மசியல் ஒவ்வொன்றாக விரலை வைத்துக் கேட்டான். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் தலையாட்டினார்.

“உங்க பால்பல் என்னைக்காவது ஆடிச்சா அண்ணா?”

இல்லை என்றான்.

“அதான். கீழேருந்து வர்ற பல்லுதான் மேல இருக்கிறதோட வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும். அதனாலதான் ஆடுது. இந்த வயசுல ஆடுதுன்னாலே பெரும்பாலும் அடியில ஒருத்தர் கிளம்பி வர்றார்னு அர்த்தம். நீங்க நல்ல சேதியைப் பாத்துப் பயந்திருக்கீங்க.”

புதுப்பல் கொஞ்சம் பின்னால் தள்ளி வந்ததால் பால்பல்லின் வேர் முழுசாகக் கரையவில்லை, அதனால்தான் விழாமல் நிற்கிறது, மற்றபடி உங்கள் மசியலுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். அத்தனை நாள் சல்லடையில் தேய்த்ததெல்லாம் வீண் என்று கேட்க அவனுக்குக் கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது. பால்பல்லை எடுத்துவிட்டால் நாக்கே புதுப்பல்லை மெல்ல முன்னால் தள்ளிச் சேர்த்துவிடும் என்றார். மரத்துப்போகிற மருந்தைத் தடவி, பஞ்சால் பிடித்து ஒரு திருகு. வந்துவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள்.

கீழே வாசலில் மனைவி வேனோடு காத்திருந்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்ட காலி வேன். சேதியைக் கேட்டதும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அப்பாவும் மகளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். பயம் தெளிந்ததும் மனைவிக்குப் பழைய நக்கல் திரும்பிவிட்டது. உங்கப்பாவை நம்பியிருந்தால் உன் கல்யாணப் பந்தியிலும் எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றித்தான் கொடுத்திருப்பார் என்று முன்னாலிருந்து மகளிடம் சொன்னாள்.

சில்வண்டு சிரித்தாள். கீழுதடு மேலே ஏறியது. கை தானாக வந்து வாயைப் பொத்தியது. மூக்கு வழியாக ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வந்தது.

மசியலுக்கு, வீட்டில் சத்தமே இல்லையே என்று மனைவி கேட்டது இப்போதுதான் காதில் விழுந்தது. எது மகளுக்கு வந்துவிடக்கூடாது என்று ராப்பகலாகப் பயந்தானோ, அது வந்துவிட்டிருந்தது. ரத்தத்தில் வரவில்லை. அவனே உட்கார்ந்து, நாள் தவறாமல், கண்ணும் கருத்துமாகச் சொல்லிக்கொடுத்தது.

கையை எடு என்றான். பெரிதாகத் திறக்கக்கூடாது என்று நீதானே சொன்னாய் என்று கைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். இத்தனை வாரம் சொன்னதை ஒரு வார்த்தையில் அழிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரிந்தது. வேன் ஒரு திருப்பத்தில் மெதுவாகத் திரும்பியது. வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது. நல்ல வெளிச்சம்தான் என்று நினைத்தான். குனிந்து, கீழுதட்டைத் தன் விரலாலேயே இழுத்து, மகளுக்குக் காட்டினான்.

சில்வண்டு கையை இறக்கிவிட்டுக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். டாக்டரைப்போலவே தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். அப்பாவின் பல்லை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“அய்ய, குட்டியூண்டு” என்றாள். “எனக்குப் பெரியவங்க பல்லு வந்துருச்சு. உனக்குத்தான்ப்பா இன்னும் பாப்பாப் பல்லு.”

சொல்லிவிட்டு அவளுக்கே தாங்கவில்லை. ஓட்டையும் புதுப்பல்லும் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து, பழைய சில்வண்டாகச் சிரித்தாள். அதே வார்த்தை. பள்ளிக்கூடத்தில் கேட்டு, ஓடி ஒளிந்து, ஊரெல்லாம் பொய் சொல்லி, எந்த வார்த்தைக்காக வாயைப் பூட்டிக்கொண்டானோ அதே வார்த்தை. எங்கே குத்தும் என்று மசியல் காத்திருந்தான். எங்கேயும் குத்தவில்லை. ஆமாம்டி, பாப்பாப் பல்லுதான் என்று சொல்லப் போனவனுக்குப் பாதியிலேயே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கை பழக்கத்தில் வாய்க்குப் போனது. சில்வண்டு அதைப் பிடித்துக் கீழே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வேனை ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னாலிருந்து இரண்டு சிரிப்புகள் கேட்டன. ஒன்று அவள் மகளுடையது. இன்னொன்றை அவள் அதுவரை கேட்டதே இல்லை. யார் ஏறியிருக்கிறார்கள் என்று வேனை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தாள்.